மிளகாயும் பாற்கட்டியும் - ஒரு பெயர் வரலாறு

புதிய பொருள் ஒன்று ஊருக்குள் வரும்பொழுது அதற்குப் பெயர் சூட்டுபவர் யார்? அரசரா, புலவரா, வணிகரா, அடுக்களையில் அதைக் கையாளும் பெண்டிரா? கவிஞர்கள் கூடும் வட்டத்தில் இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. நாள்தோறும் புதுச்சொல் படைப்போர் நாம். நாம் படைக்கும் சொற்களுள் எது வாழும், எது ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை முன்னரே அறிய வழியுண்டா என்பதே இதன் உட்கிடை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் அவ்வினாவை ஓர் எளிய உணவை முன்வைத்து ஆராய எண்ணுகிறேன். பாற்கட்டியையும் மிளகாயையும் சேர்த்துப் பிசைந்து ரொட்டியின்மேல் தடவியுண்ணும் உணவும் அதன் பெயர்களுமே அது.

அயலிலிருந்து வந்த பொருளுக்குத் தமிழ் மக்கள் பெயரிட்ட முறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, கொண்டுவந்தவரால் பெயர் பெறுவது. அமெரிக்கக் கண்டத்துக் காயொன்று பரங்கியர் காலத்தில் வந்தமையால் பரங்கிக்காய் ஆயிற்று. தாம்பரத்திலிருந்து நகருக்குச் செல்லும் வழியில் நிற்கும் பரங்கிமலையும் அதே மக்களால் பெயர் பெற்றதே. இரண்டாவது, துறைமுகத்தால் பெயர் பெறுவது. வட தமிழகத்தில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்பர். அதுவே பேச்சில் மல்லாட்டை எனத் தேய்ந்தது. ஈழத்துத் தமிழரிடையே மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்னும் பெயர் வழங்குகிறது. கொச்சித் துறைமுகம் அப்பெயருள் இருக்கிறது. மூன்றாவது, ஒப்புமையால் பெயர் பெறுவது. இதற்குத் தலையாய சான்று மிளகாய்.

கறியும் மிளகும்

மிளகாயின் பெயரை அறிய மிளகின் பெயரை முதலில் அறிதல் வேண்டும். சங்க நூல்களில் மிளகைக் குறிக்கப் பெருவழக்காக நிற்கும் சொல் கறி என்பதாகும். யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து கறியை ஏற்றிச் சென்ற முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாட்டு காட்டுகிறது. வீடுகளில் குவித்து வைத்த கறி மூட்டைகளைப் புறநானூற்றின் 343ஆம் பாட்டில் பரணர் பேசுகிறார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் இச்சொல்லாட்சி இன்னும் சுவையானது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் கிடக்கும் வணிகப் பண்டங்களுள் ஒன்றாகக் கரிய கறி மூட்டைகளை வைக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் கொள்ளும் பெருவழியே கழுதைகள் சுமந்து செல்லும் மிளகுப் பொதியைப் பலாப்பழத்திற்கு ஒப்பிடும்போது மிரியல் என்னும் சொல்லை ஆள்கிறார். அதே நூலில் சமையலைச் சொல்லும் இடத்தில் மீண்டும் கறி என்கிறார். ஒரே புலவர் ஒரே பொருளுக்கு இரு சொற்களை ஆள்கிறார். மிரியல் என்பது தெலுங்கின் மிரியாலு, வடமொழியின் மரீசம் ஆகியவற்றோடு ஒலியுறவு உடையது.

மிளகு என்னும் சொல்லும் அக்காலத்ததே. நற்றிணையின் 66ஆம் பாட்டில் உகாய் மரத்துக் காயின் சுவைக்கு மிளகு உவமையாகிறது. மிளகை இட்டாற்போன்ற சுவையுடைய காய் என்பது அங்குள்ள கருத்து. இதை நினைவில் நிறுத்த வேண்டுகிறேன். வேறொரு காயின் காரத்தை மிளகின் காரத்தால் அளந்து சொல்லும் வழக்கம், மிளகாய் இந்நாட்டை அடைவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே தமிழ்ப் புலவர்க்கு உண்டு.

பின்னாளில் கறி என்னும் சொல் மிளகினின்றும் விலகிக் காய்கறி, இறைச்சி, குழம்பு எனப் பலவற்றையும் தழுவி விரிந்தது. அதுவே ஐரோப்பியர் நாவிற் புகுந்து உலகெங்கும் 'கரி' எனத் திரிகிறது. கறி விட்டுச் சென்ற இடத்தை மிளகு முழுதும் நிரப்பிக் கொண்டது.

திப்பிலியின் பயணம்

தாம்பரம் சானடோரியம் பகுதி 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்றது. அதன் அருகில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இன்று பல்லாயிரவரை ஈர்க்கிறது. சித்த மருத்துவத்தின் முதற்பாடங்களுள் ஒன்று திரிகடுகு. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் உடற்பிணி தீர்ப்பது போல ஒவ்வொரு பாட்டிலும் மும்மூன்று கருத்துகள் உளப்பிணி தீர்க்கும் எனக் கருதி நல்லாதனார் தம் நூலுக்குத் திரிகடுகம் எனப் பெயரிட்டார். மருந்தின் பெயர் நூலின் பெயரானதும் ஓர் ஒப்புமையே.

அம்மூன்றனுள் திப்பிலிக்கு உலக வரலாற்றில் வியப்பான இடமுண்டு. வடமொழியில் பிப்பலி எனப்படும் இந்நீண்ட காரப் பொருளின் பெயரே கிரேக்கத்தில் பெபெரி எனவும், இலத்தீனில் பைப்பர் எனவும், ஆங்கிலத்தில் பெப்பர் எனவும் ஆயிற்று. நீண்ட திப்பிலியின் பெயர் உருண்டை மிளகுக்குச் சென்று ஒட்டிக்கொண்டது. அதே இலத்தீன் வேரிலிருந்து மிளகைக் குறிக்கும் பாப்பர் என்னும் சொல் தென் சிலாவிய மொழிகளில் தோன்றியது. அதன் சிறுமை வடிவமே பாப்ரிகா. அங்கேரிய மொழியின் வழியே ஐரோப்பா எங்கும் பரவிய அச்சொல் குறிப்பதோ மிளகாயை. நீண்ட திப்பிலியின் பெயர் உருண்டை மிளகுக்குப் போய், மிளகினின்று மீண்டும் நீண்ட மிளகாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. பொருள் அமெரிக்காவினது; பெயர் இந்தியாவினது.

மிளகு போலும் காய்

இக்குழப்பத்திற்குத் தொடக்கம் 1492ஆம் ஆண்டுக் கடற்செலவு. மிளகு விளையும் நாட்டைத் தேடி மேற்கே புறப்பட்ட கொலம்பஸ் மிளகைக் காணவில்லை, மிளகாயைக் கண்டார். அந்நாட்டார் ஆகி என்று அழைத்த அதனை அவர்களுடைய மிளகு என்றே தம் நாட்குறிப்பில் 1493 சனவரியில் குறித்தார். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தபின் போர்த்துக்கீசியரின் கடல்வழியே மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. மிளகை வாங்க வந்தவர்கள் மிளகாயைத் தந்து சென்றனர் எனலாம்.

அதன்பின் ஒவ்வொரு மொழியும் தன் தன் வழியில் இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. ஆங்கிலம் தீர்க்கவேயில்லை, மிளகும் பெப்பர், குடைமிளகாயும் பெப்பர். இந்தி நிறத்தை முன்னிட்டுக் கறுப்பு மிர்ச், சிவப்பு மிர்ச் எனப் பகுத்தது. ஸ்பானிய மொழி பாலை மாற்றியது. பிமியெந்தா என்னும் பெண்பாற்சொல் மிளகையும், பிமியெந்தோ என்னும் ஆண்பாற்சொல் மிளகாய் வகையையும் குறித்தன. மலையாளத்தில் நேர்ந்ததோ சிந்திக்கத்தக்கது. அங்கு முளகு என்னும் பழம்பெயரை வந்தேறிய மிளகாயே எடுத்துக்கொண்டது. மண்ணின் மைந்தனாகிய மிளகு, குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி சேர்த்துக்கொண்டு தன்னை அடையாளங்காட்ட வேண்டியதாயிற்று.

தமிழும் கன்னடமும் வேறு வழி சென்றன. மெணசு என்பதோடு காயைச் சேர்த்துக் கன்னடம் மெணசினகாயி என்றது. மிளகு என்பதோடு காயைச் சேர்த்துத் தமிழ் மிளகாய் என்றது. பழையதன் பெயர் பறிபோகவில்லை. புதியது பெயரின்றி நிற்கவுமில்லை. இலக்கணம் அறிந்தோர் இதனை உடனே இனங்கண்டு கொள்வர். மிளகு போலும் காய் என விரியும் இச்சொல் ஓர் உவமைத்தொகை. உகாய்க் காயை மிளகோடு ஒப்பிட்ட நற்றிணைப் புலவரின் செயலையே, பெயர் தெரியாத சமையற்பெண் ஒருத்தி மீண்டும் செய்திருக்கிறாள். அவருடைய உவமை பாட்டில் நின்றது. இவளுடைய உவமை அகராதியில் ஏறியது. சொல்லின் இடைப்பகுதி தேய்ந்து மிளகாய் எனச் சுருங்கியது, அது எத்தனை ஆயிரம் வாய்களில் புரண்டது என்பதற்குச் சான்று. மணத்தக்காளியைச் சில ஊர்களில் மிளகுதக்காளி என்பதும் இவ்வகையதே.

பாற்கட்டியோடு சேர்ந்த மிளகாய்

மிளகாய் சென்ற நாடுகளில் ஆடும் மாடும் வளர்ப்போர் அதனைத் தங்கள் பாற்கட்டியோடு சேர்த்துப் பிசைந்தனர். அவ்வுணவுகளின் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் நாம் மேலே கண்ட முறைகளே அங்கும் தொழிற்படக் காணலாம்.

இன்றைய ஸ்லோவாக்கியாவின் வடபகுதியில் லிப்தோவ் என்றொரு மலைநாடு உண்டு. முன்னர் அது அங்கேரி அரசில் அடங்கியிருந்தது. அங்குச் செய்யும் செம்மறியாட்டுப் பாற்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பெருஞ்சீரகத்தை ஒத்த கேரவே விதை, பாப்ரிகாப் பொடி ஆகியவற்றோடு குழைத்து ரொட்டியில் தடவுவர். ஆஸ்திரியாவின் மதுவிடுதிகளில் இது இன்றும் விரும்பி உண்ணப்படுகிறது. லிப்தோவ் நாட்டினது என்னும் பொருளில் ஜெர்மானியர் இதை லிப்டாவர் என்றனர். ஊரால் பெற்ற பெயர் இது. இதன் செந்நிறத்திற்குக் காரணமான பாப்ரிகாவின் பெயருள் நம் திப்பிலி உறங்குகிறது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் துருவிய செடார் பாற்கட்டியோடு இனிப்பான செம்மிளகாயையும் முட்டைக் குழைவையும் சேர்த்துப் பிமென்டோ சீஸ் என்பர். ஸ்பெயினிலிருந்து தகரக் குப்பிகளில் இறக்குமதியான மிளகாய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியா மாநிலத்திலேயே பயிரானபின் அவ்வுணவு எளிய மக்களின் மதிய ரொட்டிக்குள் புகுந்தது. பிமியெந்தோ என்னும் ஸ்பானியச் சொல் வாய்வழக்கில் ஓரெழுத்தை உதிர்த்துப் பிமென்டோ ஆயிற்று. அதன் மூலம் வண்ணத்தைக் குறிக்கும் பிக்மென்டும் என்னும் இலத்தீன் சொல். நிறம் மணப்பொருளாகி, மணப்பொருள் மிளகாகி, மிளகு மிளகாயாகி, மிளகாய் ஓர் உணவின் பெயராகியது. மிளகாய் என்பதில் தேய்ந்தது போலவே பிமென்டோவிலும் ஒலி தேய்ந்தது என்பதை நோக்குக. வாயில் புழங்கும் சொல்தான் தேயும்.

தென் செர்பியாவில் இவ்வுணவை ஊர்னெபெஸ் என்பர். ஆரவாரம், அமளி என்பது அச்சொல்லின் பொருள். நாவில் நிகழும் அமளி பெயராயிற்று போலும்! இங்குப் பெயரிட்டவன் நகைச்சுவை உணர்வுடைய கவிஞனாகவே இருத்தல் வேண்டும்.

கிரேக்கத்தில் இதற்கு இரு பெயர்கள். தீரோகாப்தெரி என்றால் காரப் பாற்கட்டி. மற்றொரு பெயராகிய ஹ்திபிதி என்பதற்கு அடிக்கப்பட்டது என்று பொருள். அடித்தல் என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயரைக் கேட்டதும் தமிழறிந்தோர் நெஞ்சில் ஒரு சொல் எழாமல் இராது. அது துவையல்.

துவைத்தல் என்பதற்கு இடித்தல், மிதித்தல், அடித்தல் என்றெல்லாம் பொருளுண்டு. கல்லில் அடித்துத் துணி வெளுப்பதும் துவைத்தலே; உரலிலும் அம்மியிலும் இடித்து நசுக்குவதும் துவைத்தலே. துகையல், தொகையல் என்பன அதன் வழக்கு வடிவங்கள். இச்சொல்லின் பழமை புறநானூற்றின் 14ஆம் பாட்டில் விளங்குகிறது. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கை மென்மையாக இருப்பதைச் சுட்ட, புலவர் விடை கூறுகிறார். வில்லும் வேழமும் பழகிய மன்னன் கை வன்மையுடையது. ஊனும் துவையும் சோறும் உண்பதல்லாது வேறு தொழில் அறியாத பாடுவோர் கை மென்மையுடையது என்பது அவ்விடை. அரசவைப் புலவர் நாவில் அன்று இருந்த துவை, தாம்பரத்திலும் சேலையூரிலும் இன்று சோற்றோடு பிசையப்படும் துவையலின் மூதாதை.

வெண்ணெயும் மிளகும்

பாலின் கொழுப்பையும் மிளகின் காரத்தையும் சேர்க்கும் சுவையறிவு நம் தொண்டை நாட்டுக்குப் புதியதன்று. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணனுக்கு அந்தணர் இல்லத்தில் கிடைக்கும் விருந்து விரிவாகச் சொல்லப்படுகிறது. சிவந்த பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளம்பிஞ்சின் துண்டுகளை வேகவிட்டு, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலையின் இளந்தளிரைச் சேர்ப்பர். துணைக்கு மாவடு ஊறுகாய். இருபது நூற்றாண்டுகளை அணுகும் இவ்வுணவுக் குறிப்பை இன்று ஒருவர் சமைத்து உண்ணலாம்; அவ்வளவு தெளிவு.

அதே நூலில் வரும் ஆய்மகளையும் கவிஞர்கள் மறவார். விடியலில் தயிர் கடைந்து மோர் விற்றுச் சுற்றத்தை உண்பித்து, நெய்யை விற்குமிடத்துப் பொன்னை விலையாகக் கொள்ளாது எருமையும் பசுவும் கன்றுமாகப் பெறுகிறாள் அவள். பால் அவளிடம் தயிராகிறது, மோராகிறது, வெண்ணெயாகிறது, நெய்யாகிறது. பாலைத் திரைத்துக் கட்டியாக்கிப் பதப்படுத்தும் வழியில் அவள் செல்லவில்லை. கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் உறையால் பாலைத் திரைக்கும் மேலை முறை இங்கு வேரூன்றவில்லை. தமிழ்வீட்டில் பால் திரிந்துபோனால் அது நட்டம். பால் உறைந்தால் அது செல்வம். திரைந்த பாலுக்கு மதிப்பில்லாத இடத்தில் அதற்கெனச் சிறப்புப் பெயர் தோன்றாமையில் வியப்பில்லை.

ஆகவே சீஸ் வந்தபோது பெயர் தேட வேண்டியதாயிற்று. பாடநூல்களும் இதழ்களும் பாலாடைக்கட்டி என்றன. பாலாடையால் ஆகிய கட்டி எனவே இச்சொல் விரியும். பாலாடை என்பது காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏடு. சீஸ் அதனால் ஆவதன்று. பாலின் புரதம் திரைந்து, நீர் வடிந்து இறுகுவதால் ஆவது. சொல் அழகியதே, ஆயின் பொருளைக் காட்டத் தவறுகிறது. பாற்கட்டி என்பது அதனினும் சிறியது, பொருந்துவது. இரண்டும் அச்சில் வாழ்கின்றன. கடைத்தெருவில் இரண்டும் இல்லை.

பன்னீரின் கதை இன்னும் வேடிக்கையானது. வடநாட்டுப் பாற்கட்டியின் பெயராகிய பனீர் பாரசீகச் சொல். அது தமிழ்நாட்டுக்கு வந்தபோது பன்னீர் என்னும் சொல் முன்பே இங்கிருந்தது. மணவீட்டு வாயிலில் தெளிக்கும் மணநீர் அது. இன்று ஒரே திருமண மண்டபத்தில் வாயிலில் ஒரு பன்னீரும் பந்தியில் ஒரு பன்னீரும் வழங்கக் காண்கிறோம். யாரும் குழம்புவதில்லை. இடமே பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. சொற்களைக் காக்க நாம் படும் கவலையில் ஒரு பகுதியை மக்களின் அறிவிடம் விட்டுவிடலாம் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

வாயும் மேசையும்

தென் சென்னைப் புறநகர்கள் சொற்கள் கைமாறிய சந்தைகள். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருந்த ஆங்கிலேயப் படைமுகாம்கள், அவற்றை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்தொடர்வண்டி, 1937இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி என இவை யாவும் நாவையும் உணவையும் கலந்தன. நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் வாயில் மல்லிகடானி ஆயிற்று. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி அச்சொல்லுக்குத் தமிழ் மூலத்தைக் காட்டுவதோடு, சென்னை மாகாணத்து ஆங்கில அலுவலரை ‘மல்’ எனச் சுருக்கி அழைத்த கேலி வழக்கையும் பதிவு செய்கிறது. வங்காளத்தாரும் பம்பாயாரும் வேறு கேலிப்பெயர்கள் பெற்றனர். ஆண்டவர்களுக்கே நம் அடுக்களைச் சொல் பட்டப்பெயரானது!

இன்று அதே ஊர்களின் ரொட்டிக் கடைகளில் சில்லி சீஸ் டோஸ்ட் விற்கிறது. சில்லி என்பது மெக்சிக்கோவின் நவாட்டில் மொழிச் சொல். சீஸ் என்பதன் மூலம் காசெயுஸ் என்னும் இலத்தீன். டோஸ்ட் என்பதும் வறுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வழிவந்ததே. மூன்று சொற்களில் ஒன்றும் தமிழில்லை என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் வருத்தத்தை விட வரலாறு பயன் தரும்.

மிளகாய் என்னும் சொல்லின் வெற்றிக்குக் காரணங்கள் மூன்று எனக் கருதுகிறேன். முதலாவது, அது பொருளை அறிந்தவர் படைத்த சொல். நாவில் காரத்தை உணர்ந்தபின் பிறந்தது. இரண்டாவது, அது பழையதை அழிக்காமல் அதனோடு உறவு சொல்லிக்கொண்டது. மூன்றாவது, அது வாய்க்கு எளிது. பாலாடைக்கட்டி இம்மூன்றிலும் தடுமாறுகிறது. பொருளைக் கையாளாதவர் மேசையில் அமர்ந்து ஆக்கிய சொல் அது. அதனைப் பழிப்பது என் நோக்கமன்று. பாடநூல் எழுதியோர்க்கு உடனடியாக ஒரு சொல் தேவைப்பட்டது; அவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தனர். ஆனால் சீஸைத் தமிழ்க் கைகள் செய்யவும் தமிழ் அம்மிகள் அரைக்கவும் தொடங்கும்போது, பெயர் தானே பிறக்கும். பாற்கட்டியோடு மிளகாயை அரைத்துத் தடவும் உணவை ஒருத்தி இயல்பாகப் பாற்கட்டித் துவையல் என்று அழைத்துவிட்டால், கிரேக்கரின் அடிக்கப்பட்டதும் நம் துவையலும் ஒரே தட்டில் அமர்ந்துவிடும். கருத்தாலும் செயலாலும் அது பிழையற்ற சொல்.

கவிஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. புதுச்சொல் வேண்டுமாயின் அகராதியைத் திறக்கும் முன் பொருளைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், அதைச் செய்பவரிடம் அது என்ன போலிருக்கிறது என்று கேளுங்கள். அவர் கூறும் உவமையிலேயே சொல்லின் கரு இருக்கும். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டு மரபு நமக்குக் கற்பித்ததும், பெயரறியாத சமையற்பெண்கள் மிளகாய் என்னும் ஒரு சொல்லால் மெய்ப்பித்ததும் இதனையே.